பெயர் மட்டும் போட்ட பிரதியா, உறவு சொல்லும் பிரதியா?

கையெழுத்திட்ட புத்தகம் சேர்ப்பவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஆசிரியர் வெறுமனே பெயர் போட்ட பிரதி மேலா, 'இன்னாருக்கு' என்று எழுதிக் கொடுத்த பிரதி மேலா?

பெயர் மட்டும் உள்ளதை விற்பது சுலபம், அவ்வளவுதான். பதிப்பகங்கள் பல உதிரித் தாள்களில் கையெழுத்து வாங்கி, பிறகு புத்தகத்தோடு சேர்த்து பைண்டு செய்கின்றன. கையெழுத்து அசல்தான், ஆனால் அந்தப் புத்தகம் ஆசிரியர் கைக்கே போயிருக்காது.

முன்பின் தெரியாத ஒருவர் பெயருக்கு எழுதியதைப் பலர் ஒதுக்குவார்கள். அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்து விற்பவர்களும் உண்டு. விளக்கை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். சுரண்டிய இடத்தில் தாளின் நார் எழும்பித் தெரியும். நான் அந்தப் பெயரோடுதான் வாங்குவேன். கூடுதலாக நாலு வார்த்தை இருந்தால் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

பெறுபவரும் பெயர் பெற்றவர் என்றால் கதையே வேறு. 1873இல் கார்ல் மார்க்ஸ் தன் 'மூலதனம்' நூலில் 'உண்மையான அபிமானி' என்று எழுதி சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் தாள் மடிப்புகளை வாசிப்பவரே கத்தியால் வெட்டிப் பிரிக்க வேண்டும். 822 பக்கங்களில் முதல் 105 பக்கம்தான் பிரிபட்டிருக்கிறது. மார்க்ஸின் மரியாதையை எழுத்து சொல்கிறது. டார்வின் எங்கே நிறுத்தினார் என்பதை வெட்டாத மடிப்பு சொல்கிறது.

இதற்கும் மேலாக நான் வைப்பது, படித்தவர் கைபட்ட பிரதி. 1789இல் அச்சான அமெரிக்க காங்கிரஸ் சட்டத் தொகுப்பில் ஜார்ஜ் வாஷிங்டனுடைய சொந்தப் பிரதி இருக்கிறது. நூலாசிரியர் அவரல்ல. ஆனால் அரசியலமைப்பில் தன் பதவியைப் பற்றி வரும் இடத்தில் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் 'அதிபர்', 'அதிகாரங்கள்' என்று எழுதியிருக்கிறார். முதல் அதிபர் தன் வேலை என்னவென்று பேனாவும் கையுமாகப் படித்த பக்கம் அது! 2012 ஏலத்துக்குப் பிறகு அது அவர் வாழ்ந்த மவுண்ட் வெர்னனுக்கே திரும்பிப் போனது.

போலிக்கும் அதிகம் ஆசை காட்டுவது இந்த வகைதான். ஆகவே கையெழுத்தைப் பார்க்கும் முன் புத்தகம் யார் யார் கைமாறி வந்தது என்று கேளுங்கள். பழைய ஏலப் பட்டியல், குடும்பக் கடிதம், நூலக முத்திரை என்று ஏதாவது ஒன்று நடுவில் பிடி கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால், எவ்வளவு அழகான வாசகம் இருந்தாலும் நான் கை வைப்பதில்லை.