கோத்தகிரி குளிருல மிளகா விதை முளைக்க ஹீட் மேட், வாங்கலாமா?

ஹீட் மேட்னா நாத்து ட்ரேக்கு அடியில போட்டு மண்ண சூடாக்குற கரண்ட் பாய். முதல்லயே சொல்லிடறேன், மேட்டுக்கு அஞ்சுக்கு நாலு மார்க், கூட வர்ற தெர்மோஸ்டாட்டுக்கு, அதாவது சூடு ஏறுனா தானா கரண்ட கட் பண்ற பெட்டிக்கு, ரெண்டு, ஃப்ரீன்னு போட்டு அனுப்புன உர பாக்கெட்டுக்கு மார்க்கே கிடையாது. ஆன்லைன்ல வாங்குனது, 20 வாட், ஒரு நாத்து ட்ரே அப்படியே மேல உக்கார்ற சைஸு. பேரு சொல்லல, ஒரே சாமானத்தான் பத்து பேர்ல விக்கிறாங்க.

கீழ இருக்கிறவங்களுக்கு இது எதுக்குன்னே புரியாது. மேட்டுப்பாளையத்துல தொட்டியில நாலு விதைய வீசிட்டுப் போனாலே பத்து நாளுக்குள்ள தலை காட்டிடும். இங்க கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரம், மார்கழி ராத்திரி வீட்டுக்குள்ளயே கை விறைக்குது, மிளகா விதைக்கோ 25ல இருந்து 30 டிகிரி வேணும், அதுவும் காத்து இல்ல, மண்ணு அந்த சூட்டுல இருக்கணும். இல்லேன்னா விதை ஈரத்துலயே கிடந்து அழுகிடும், நாம விதைக் கடைக்காரர திட்டிட்டு இருப்போம்.

மேட்டு ஒண்ணும் மாயம் பண்ணாது, அறை சூட்டுக்கு மேல அஞ்சுல இருந்து பத்து டிகிரி ஏத்தும், அவ்வளவுதான். ஊட்டியில பனி விழற சீசன்ல ஜன்னலோரமா வெச்சீங்கன்னா ரூமே எட்டு டிகிரில இருக்கும்போது இது என்ன பண்ணும்? அடியில ஒரு தெர்மாகோல் ஷீட்டு போட்டு, மேல ட்ரேய கண்ணாடித்தாள வெச்சு மூடி, அடுப்படி பக்கம் வெச்சா தேறும். அடியில தெர்மாகோல் இல்லேன்னா பாதி சூட்ட தரை குடிச்சிடுது. கரண்ட் பில்லுக்கு பயப்பட வேணாம், நாள் பூரா ஓடுனாலும் அரை யூனிட்டுக்குள்ளதான். ஐப்பசி கார்த்திகை மழையில மரம் விழுந்து லைன் போச்சுன்னா மட்டும் ட்ரே மேல கம்பளி போத்தி விடுங்க.

இப்ப தெர்மோஸ்டாட். இதுலதான் எனக்கு கடுப்பு. சென்சார் முனைய மேட்டு மேலயே ஒட்டச் சொல்லி பேப்பர்ல போட்டிருக்கான். அப்படி ஒட்டுனா மேட்டு சூடாகி உடனே கட் ஆயிடுது, டிஸ்ப்ளேல 28ன்னு பச்சையா மின்னுது, மீன் தொட்டி தெர்மாமீட்டர மண்ணுல சொருகிப் பாத்தா 20 தான். முனைய மண்ணுக்குள்ள, விதை இருக்கிற ஆழத்துல சொருகுங்க, அப்ப சரியா வேலை செய்யுது. ஆனா வயர் கையளவுதான் இருக்கு, ப்ளக்கு பக்கத்துலயே ட்ரே இருந்தாத்தான் எட்டும், தண்ணி தெளிக்கிற இடத்துல இது என்ன டிசைன்னே தெரியல.

முளைப்பு பத்தி சொல்லணும்னா கோவில்பட்டி கே1 மாதிரி சாதாரண மிளகா ரகம் ஒன்றரை வாரத்துல சடசடன்னு வந்துடுச்சு. பூத் ஜொலோகியா, அந்த வடகிழக்கு பயங்கர கார மிளகா, அதுபாட்டுக்கு மூணு நாலு வாரம் எடுக்கும், பொறுமை இல்லாதவங்க தோண்டிப் பாக்காதீங்க. மொளை கொக்கி மாதிரி வளைஞ்சு மேல வரும், சிலதுக்கு விதைத் தோலு குல்லா போட்ட மாதிரி இலை நுனியிலயே மாட்டிக்கும், நகத்தால பிச்சா இலையும் சேர்ந்து வந்துடும், ரெண்டு வேளை தண்ணி தெளிச்சா அதுவா கழண்டுடும். பாதிக்கு மேல முளைச்சதும் மேட்ட ஆஃப் பண்ணிடணும், இத எந்த பேப்பர்லயும் போடல. சூட்டுலயே விட்டா, வெளிச்சமும் கம்மியா இருந்தா, நாத்து நூலு மாதிரி நீண்டு மெலிஞ்சிடும், அப்புறம் பூஞ்சை பிடிச்சு தண்டு மண்ணோட ஒட்டுற இடத்துல இடுப்பு ஒடிஞ்சு சாயும். அந்த பூஞ்சை நோய்தான் நாத்தழுகல், மேகமூட்டமா ஈரமா இருக்கிற நம்ம ஊருல சர்வசாதாரணம். தேங்கா நாரு கழிவுல கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி, அதாவது கெட்ட பூஞ்சைய அடக்குற நல்ல பூஞ்சை, கலந்துட்டா பாதி தலைவலி குறையும்.

அந்த ஃப்ரீ பாக்கெட்டு 19:19:19, தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிற உரம். லிட்டருக்கு அஞ்சு கிராம்னு பொத்தாம்பொதுவா போட்டிருக்கான், வளந்த செடி தாங்கும், நாலு இலை நாத்துக்கு அத ஊத்துனா ஓரம் கருகிடும். நாத்துக்கு லிட்டருக்கு ஒரு கிராமே தாராளம். இத விட முக்கியம் மண்ணு. எஸ்டேட் மண்ணுன்னு செவசெவன்னு அள்ளிட்டு வந்து தொட்டிய நிரப்புவாங்க, டீச்செடிக்குப் பிடிச்ச அந்த புளிப்பு மண்ணு மிளகாக்கு ஒத்துக்காது, புளிப்ப குறைக்கிற டோலமைட்டு சுண்ணாம்புப் பொடி கலந்து, மக்குன தொழு உரமும் போட்டு கொஞ்ச நாள் விட்டுத்தான் நடணும். பூ எடுக்க ஆரம்பிச்சதும் தழைச்சத்த குறைச்சு சாம்பல் சத்த கூட்டுங்க. ராத்திரி 15 டிகிரிக்கு கீழ போச்சுன்னா என்ன உரம் குடுத்தாலும் பூ கொட்டத்தான் செய்யும், அதனால தை மாசம் விதை போட்டு வெயில் காலத்துல பூ வர்ற மாதிரி பாத்துக்கறது நல்லது.

காய்ப்பு மோசமில்ல. பச்சையா பறிக்கப் பறிக்க புதுசா பிஞ்சு வருது, காம்போட கத்தரிக்கோல்ல வெட்டுங்க, இழுத்தா கிளையே வந்துடுது. செவக்க விட்டாத்தான் இங்க ரொம்ப நாள் இழுக்குது, செவந்தாலும் இந்த மூடுபனியில காய வைக்க முடியாது, பூஞ்சை பிடிச்சிடும். எங்க வீட்டுல பழுத்ததெல்லாம் வினிகர்லதான் போகுது.

இன்னொரு விஷயம், விதை வேலை முடிஞ்சதும் அத்தை மேட்ட எடுத்து இட்லி மாவு பாத்திரத்துக்கு அடியில வெச்சுட்டாங்க. குளிருல ரெண்டு நாளானாலும் பொங்காத மாவு காலையில மூடிய தள்ளிட்டு நிக்குது. இப்ப அவங்க திருப்பித் தர்ற மாதிரி தெரியல, அதனால இன்னொண்ணு வாங்கப் போறேன், இந்த தடவ வெறும் மேட்டு மட்டும், தெர்மோஸ்டாட்ட நீள வயரா பாத்து தனியா.