கொடுமை விவாகரத்துத் தீர்ப்புக்கு அப்பீல் போட்டுத் தந்த வக்கீல்

நான் கணவரைக் கொடுமைப்படுத்தினேன் என்று குடும்ப நல நீதிமன்றம் அவருக்கு விவாகரத்து கொடுத்துவிட்டது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டுத் தந்த வக்கீலைப் பற்றித்தான் இந்த ரிவ்யூ. கேஸ் இன்னும் முடியவில்லை, ஜெயிப்பேனா என்று தெரியாது, ஆனாலும் அவர் செய்த வேலைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

கீழ்க் கோர்ட்டில் எனக்காக வாதாடியவர் தீர்ப்பு வந்த அன்று "பார்த்துக்கலாம்மா" என்றதோடு சரி, தீர்ப்பின் நகல் கேட்டு மனுகூடப் போடவில்லை. இவரிடம் போகும்போது 19 நாள் ஓடியிருந்தது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் அப்பீலுக்கு 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 2003 திருத்தத்துக்குப் பிறகு 90 நாள். இவர் 90ஐ நம்பி உட்காரவில்லை, அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனு போட வைத்தார். நகல் கிடைக்க ஆகும் நாட்களைக் கெடுவில் சேர்க்க மாட்டார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை கணவர் வேறு கல்யாணம் செய்ய முடியாது, இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 15 அப்படித்தான் சொல்கிறது என்றும் விளக்கினார். அன்று ராத்திரிதான் நான் தூங்கினேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர் கேஸ் கட்டைப் படித்த விதம். பென்சிலோடு என் குறுக்கு விசாரணையை வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "இரண்டு முறை அம்மா வீட்டுக்குப் போனது சரிதான்" என்று நான் சொன்னதைத் தீர்ப்பில் எடுத்துப் போட்டிருந்தார்கள், அடுத்த வரியில் "குழந்தைக்குக் காய்ச்சல், அவர்தான் கொண்டுவந்து விட்டார்" என்று சொன்னது தீர்ப்பில் எங்கேயும் இல்லை. அந்த வரியின் கீழே கோடு போட்டுவிட்டு "இதுதான்மா உங்க அப்பீல்" என்றார். அந்தச் சண்டைகளுக்குப் பிறகும் இரண்டு வருஷம் சேர்ந்தே வாழ்ந்திருக்கிறோம், அதனால் நடந்ததைக் கணவர் மன்னித்துவிட்டார் என்ற வாதத்தையும் சேர்த்தார். சமர் கோஷ் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்தில் வழக்கமாக வரும் சின்னச் சச்சரவு கொடுமை ஆகாது என்று சொன்னதும் மனுவில் இருக்கிறது.

பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. பிரிந்திருந்த காலம் நீண்டுபோனால் அதையே கொடுமையாக எடுத்துக்கொண்ட தீர்ப்புகளும் உண்டு, மனதைத் தயாராக வைத்திருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கட்டணம் எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார், ரசீதும் வந்தது.

ஒரு மதிப்பெண் குறைத்தது போனுக்காக. வாய்தா அன்று ஜூனியர்தான் போய் நிற்கிறார், என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளச் சாயங்காலம்வரை தவிக்க வேண்டியிருக்கிறது, நம் வாழ்க்கை அங்கே நடக்கும்போது ஒரு வரி மெசேஜ் அனுப்பினால் என்ன?

அப்புறம், போகிறவர்கள் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மனு, பதிலுரை, சாட்சியம், ஆவணங்கள் என்று முழுக் கட்டையும் பழைய வக்கீலிடமிருந்து வாங்கிக்கொண்டு போங்கள், அதைப் பார்க்காமல் கேஸ் நிற்குமா நிற்காதா என்று இவர் வாயே திறக்க மாட்டார்.