டெரஸ் வீட்டுச் சுவர்: எஸ்ஐபி பேனலா, ஏஏசி கல்லா, செங்கல்லா?

சிங்கப்பூரில் பழைய டெரஸ் வீட்டை (சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடு) இடித்துக் கட்ட நினைக்கும் நம்மவர்கள் இப்போது எஸ்ஐபி பேனலைப் பற்றி விசாரிக்கிறார்கள். மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த இரண்டு ஓஎஸ்பி பலகைகளுக்கு நடுவே தெர்மோகோல் போன்ற நுரையை வைத்து ஒட்டிய சுவர்த் துண்டு அது. 1935 வாக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து அரசு மர ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய முயற்சி. பனி கொட்டும் ஊருக்கு அருமையான சுவர். சிங்கப்பூரில் முழு வீட்டையும் அதில் கட்டச் சொல்லமாட்டேன். ஆனால் ஓரிடத்தில் பேனலை மிஞ்ச ஆளில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வெப்பக் கணக்கு. வெளியே 32 பாகை, உள்ளே ஏர்கானில் 25 பாகை என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7 பாகைதான். விஸ்கான்சின் குளிர்காலத்தில் அது 30 பாகையைத் தொடும். போதாததற்கு, வரிசையின் நடுவில் உள்ள வீட்டுக்கு இருபுறமும் அடுத்த வீடு. வெயில் படுவது முன்சுவர், பின்சுவர், கூரை மட்டுமே. அந்த வெளிச்சுவர்கள் 60 சதுர மீட்டர் என்றால், பூசிய அரைச் செங்கல் சுவர் வழியாக ஏறத்தாழ 1,200 வாட் வெப்பம் உள்ளே வரும். 150 மில்லிமீட்டர் ஏஏசி கல் (காற்றுத்துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) வைத்தால் 350 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதே தடிமனுள்ள எஸ்ஐபியில் 100 வாட் அளவு. வெயில் நேராக அடிக்கும்போது மூன்றும் கூடும், வரிசை மாறாது.

செங்கல்லை விட்டு ஏஏசிக்கு வந்தாலே லாபத்தில் பெரும்பங்கு கையில். அதற்கு மேல் எஸ்ஐபி கொடுப்பது 250 வாட். நிழலில்லாத, மேற்கு பார்த்த 4 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றே மாலையில் 1,600 வாட் வரை உள்ளே விட்டுவிடும். சுவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசை அந்த ஜன்னலுக்கு வெளியே நிழல்தடுப்பு போடச் செலவழியுங்கள். திரைச்சீலை போதாது, கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்ததுதான்.

எனக்குப் பெரிய கவலை ஈரம். குளிர்நாட்டில் வீட்டுக்குள்ளிருந்து நீராவி வெளியே போகப் பார்க்கும்; அதனால் ஆவித்தடுப்பை (நீராவி ஊடுருவாத படலம்) உட்பக்கம் வைப்பார்கள். இங்கே ஏர்கான் வீட்டில் அது தலைகீழ். இரவில் 27 பாகையும் 90% ஈரப்பதமும் உள்ள காற்று, 24 பாகைக்குக் குளிர்ந்த பலகையைத் தொட்டால் நீர் கோக்கும். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டினால் தண்ணீர் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பேனல் வீட்டில் முதலில் கெடும் இடம் ஏர்கான் குழாய்க்குப் போட்ட ஓட்டை. அதைச் சுற்றி அடைக்காமல் விட்டால் ஓஎஸ்பியின் வெட்டு விளிம்பு நீரைக் குடித்து உப்பும். மரச்சீவல்கள் ஏடு ஏடாகப் பிரியும். வெளியே சாயம் குமிழ்விட்டுக் கிளம்பும்போதுதான் நமக்குத் தெரியவரும். கறையானும் உண்டு. அது பலகையைத் தின்னும், நுரைக்குள்ளும் வழி போட்டுக்கொள்ளும்.

இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் எஸ்ஐபி பேச்சே வேண்டாம். அங்கே தீயைத் தாங்கும், எரியாத சுவர் வேண்டும். விடிகாலையில் ஓடும் கிரைண்டர் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாமலிருக்கவும் கனமான சுவரே நல்லது. அங்கே செங்கல்லுக்கு முழு மதிப்பெண். மேற்குச் சுவரில் மட்டும் அதைத் தவிர்க்கலாம்: பகலெல்லாம் வாங்கிய சூட்டை, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் விடும். இரவிலும் இந்த ஊர் பெரிதாகக் குளிர்வதில்லை, சுவர் ஆற வழியில்லை.

இனி, பேனல் ஜெயிக்கும் இடம். பழைய வீட்டின் மேல் ஒரு மாடி ஏற்றுவோர் பலருக்கும் தடை அஸ்திவாரம். பூசிய செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 250 கிலோவை நெருங்கும். பேனல் 20 கிலோ அளவுதான். ஆனால் கூரைக்கும் மேல்மாடிக்கும் ஓஎஸ்பி பேனலுக்குப் பதில், இரும்புத் தகடுகளுக்கு நடுவே ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த பஞ்சு) வைத்த சாண்ட்விச் பேனலை எடுத்துக்கொள்ளுங்கள். கறையானுக்கு அதில் தீனி இல்லை, ராக்வூல் எரியாது, நுரைப் பேனலைவிட மழைச் சத்தமும் குறையும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் நண்பகல் வெயில் முழுக்கக் கூரை மேல்தான் இறங்குகிறது. வெப்பக் காப்புப் பொருளுக்கான முதல் காசு அங்கேதான் போக வேண்டும். சூரியத் தகடு பொருத்தினால் மின்சாரத்தோடு கூரைக்கு நிழலும் சேர்ந்து கிடைக்கும். எந்த அஸ்திவாரம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பதிவுபெற்ற பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கட்டட ஒப்பந்தக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

வீட்டில் ஏர்கான் எப்படி ஓடுகிறது என்பதையும் பாருங்கள். வயதான பெற்றோருக்காக நாள் முழுக்க எல்லா அறையிலும் ஓடினால், காற்றுப் புகாத எஸ்ஐபி வீடு காசை மிச்சம் பிடிக்கும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, பகலில் மின்விசிறியோடு இருந்து, இரவில் படுக்கையறையில் மட்டும் ஏர்கான் போடும் குடும்பத்துக்கு அந்த இறுக்கத்தால் பலன் சொற்பம். அப்படிப்பட்ட வீட்டுக்கு என் தேர்வு: முன்னும் பின்னும் ஏஏசி, பொதுச்சுவரில் செங்கல், தலைக்கு மேல் ராக்வூல் பேனல்.