'கை பழகணும் மேடம்': குவில்ட் கிட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

முதல் தடவை குவில்ட் (துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கப் போகிறவர்கள், அதுவும் யாருக்காவது பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள், இணையத்தில் ரெடிமேட் கிட் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவரின் பெயரைப் போடப்போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே இன்னொரு கடை திறந்துவிடுவார்கள். ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

சித்திக்காக ஆரம்பித்த வேலை இது. அவருக்கு முழங்கால் வலி. சாயங்காலம் நாற்காலியில் உட்காரும்போது மடியில் போட்டுக்கொள்ள ஒரு போர்வை, நானே தைத்ததாக இருக்க வேண்டும் என்று ஆசை. தையல் மெஷின் எனக்குப் புதிதில்லை. தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் தைத்திருக்கிறேன். குவில்ட் மட்டும்தான் புதிது. துணியை நானே வெட்டிப் பாழாக்க வேண்டாமே என்று, 'புதிதாகத் தைப்பவர்களுக்கு' என்று போட்டிருந்த கிட்டை வாங்கினேன். ஆறு நிறத்தில், 5 இஞ்ச் சதுரங்கள் 180. நூறு சதவீதப் பருத்தி என்று எழுதியிருந்தது. நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, அதாவது பேட்டிங், அதுவும் பருத்தியாம். அடித்துணியும் உண்டு. நாலு பக்கமும் கால் இஞ்ச் விட்டுத் தைத்தால் ஒரு சதுரம் 4½ இஞ்ச்சில் நிற்கும். வரிசைக்கு 12, மொத்தம் 15 வரிசை, ஆக 54-க்கு 67½ இஞ்ச். பேப்பரில் கணக்கு அழகாக வந்தது.

பெட்டி வந்த அன்றைக்குத் திறந்து, நிறங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, மூடி வைத்துவிட்டேன். இது என் தப்பு. திருப்பி அனுப்பப் பத்து நாள்தான் அவகாசம். நான் மெஷினில் உட்கார்ந்தது மூன்றாவது வாரம்.

ஏழு வரிசை தைத்தேன். இரண்டு ஓரத்திலும் இன்னும் தைக்காத கால் இஞ்ச்சையும் சேர்த்து ஒவ்வொன்றும் 54½ இஞ்ச் இருக்க வேண்டும். முதல் வரிசை 53¼, அடுத்தது 54¾, அதற்கடுத்தது 54. சரி, இழுத்துப் பிடித்தால் வந்துவிடும் என்று மூன்றையும் இணைத்துப் பார்த்தேன். ஒரு மூலை கூட இன்னொரு மூலையோடு சேரவில்லை. துணி நடுவில் உப்பி, ஓரத்தில் அலை அலையாக நின்றது.

விற்றவருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். பத்தே நிமிடத்தில் பதில், அதுவும் அவ்வளவு அன்பாக. "முதல் குவில்டா மேடம்? கால் இஞ்ச் பிடிக்கக் கை பழகணும். எல்லாருக்கும் இப்படித்தான் வரும்." நான் நன்றி வேறு சொன்னேன்! அதை நினைத்தால்தான் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட், கால் இஞ்ச் அளவுக்கென்றே வருவது, ஒன்றை வாங்கி மாட்டினேன். ஏழு வரிசையையும் பிரித்தேன். 77 சிறு தையல், 2 நீளத் தையல், எல்லாம் தையல் பிரிக்கும் ரிப்பரால் ஒவ்வொரு இழையாக. திரும்பத் தைத்தேன். அதே கோணல். சித்திக்குக் கடையிலேயே ஒரு போர்வை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

கடைசியில் ஒரு நாள், வெறும் கோபத்தில், பழைய பருத்திப் படுக்கை விரிப்பிலிருந்து 12 சதுரங்களை நானே அளந்து வெட்டித் தைத்தேன். அதே மெஷின், அதே ஃபுட், அதே கை. அளந்தால் 54½. ஒரு நூல் குறைவு இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் கிட்டில் தைக்காமல் மீந்திருந்த சதுரங்களை அளவுகோலுக்கு அடியில் வைத்தேன். சிலது 4⅞, சிலது 5⅛. சிலது சதுரமே இல்லை, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு சதுரத்தில் ⅛ இஞ்ச் என்றால் கண்ணுக்கே தெரியாது. 12 சதுரம் சேர்ந்தால் 1½ இஞ்ச் போய்விடும். நிறைய மடிப்பை ஒன்றாக அடுக்கி வெட்டும்போது கத்தி சாய்ந்தால் மேலே இருப்பது ஒரு அளவு, அடியில் இருப்பது இன்னொரு அளவு என்றாகிவிடும். போதாததற்கு, பல துண்டுகளை இழை போகும் திசை பார்க்காமல் கிராஸாக வெட்டியிருந்தார்கள். அந்த ஓரத்தை லேசாக இழுத்தாலே நீளும். எண்ணிக்கை மட்டும் சரியாக 180 இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சந்தேகம் வந்துவிட்டால் எல்லாவற்றையும் சோதிக்கத் தோன்றும் இல்லையா? வெள்ளைச் சதுரங்கள் இஸ்திரிப் பெட்டியின் பருத்திச் சூட்டில் பளபளப்பாகிச் சுருங்கியதை முன்பே பார்த்திருந்தேன், கண்டுகொள்ளவில்லை. இப்போது இடுக்கியில் இரண்டு நூலைப் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்தினேன். பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். இதில் நுனி கறுத்து உருகி, கல் மாதிரி மணியாக இறுகியது. சிவப்பை ஈரவெள்ளைத் துணியில் தேய்த்தேன். துணி ரோஸ் நிறமாகிவிட்டது. தைத்து முடித்து முதல் தடவை துவைத்திருந்தால் வெள்ளைச் சதுரம் எல்லாம் போயிருக்கும். பேட்டிங்கோ வெறும் பிளாஸ்டிக் பையில், ஒரு லேபிள் இல்லாமல் வந்திருந்தது. ஒழுங்கான பேட்டிங் உறையில் என்ன இழை, குவில்ட் தையல்களுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை இஞ்ச் விடலாம் என்று போட்டிருப்பார்கள். அதை மீறி இடைவெளி விட்டால் துவைக்கத் துவைக்க உள்ளே பஞ்சு நகர்ந்து கட்டிகட்டும்.

திரும்பவும் விற்றவருக்கு எழுதினேன். இந்தத் தடவை அன்பு கொஞ்சம் குறைந்திருந்தது. அளவுகோலோடு எடுத்த படத்துக்கு, "ஸ்கேலைச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள்" என்று பதில். நூல் எரித்த படத்துக்குப் பதிலே இல்லை. தைத்த துணியைத் திரும்ப எடுப்பதில்லை, நாளும் கடந்துவிட்டது, வேண்டுமானால் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறோம் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவர்களுடைய விமர்சனங்களை முழுசாக உட்கார்ந்து படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் பெட்டி அழகு, சீக்கிரம் வந்தது, நிறம் அருமை என்கிறார்கள். தைத்து முடித்த குவில்டின் படம் ஒன்றுகூட இல்லை. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: கிட் நல்லாத்தான் இருக்கு, என் தையல்தான் சரியில்லை போல.

எனவே கிட்தான் வேண்டும் என்றால், பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றைக்கே சதுரங்களை ஒரே அடுக்காக அடுக்கி ஓரங்களைப் பாருங்கள், படிக்கட்டு போலத் தெரிந்தால் உள்ளே எடுத்து வைக்காதீர்கள். நூல் எரிப்பதும் ஈரத் துணியில் தேய்ப்பதும் பத்து நிமிட வேலை. ஒரு தையல் போட்டுவிட்டால் அந்தத் துணி உங்களுடையதுதான்.

சித்தியின் போர்வையா? திரும்ப 77 தையலைப் பிரித்து, எல்லாச் சதுரத்தையும் 4½ இஞ்ச்சாக வெட்டி, சிவப்பையும் வெள்ளையையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தப் படுக்கை விரிப்பையும் புதிதாக வாங்கித் துவைத்த துணியையும் சேர்த்துத் தைத்தேன். பேட்டிங்கும் வேறு. இப்போது ஒரு சதுரம் தைத்தபின் 4 இஞ்ச்தான், மொத்தம் 48-க்கு 60. முழங்காலை மூடுகிறது, பாதம் வெளியே நிற்கிறது. சித்தி காலை மடக்கிக்கொள்கிறார்.

போன வாரம் அவர்களிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. முதல் குவில்டை முடித்ததற்கு வாழ்த்துகளாம், அடுத்த நிலைக் கிட் தயாராக இருக்கிறதாம். இந்தத் தடவை முக்கோணங்கள்.