டௌனா, லாஹரா?

கையில் ஒரே ஒரு நாள். ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பகுதியில் எரிமலை ஏரி பார்த்தபடி நடக்க வேண்டும். அப்படியானால் போட்டி இரண்டுக்கும்தான்: லாஹர் ஏரி, இல்லாவிட்டால் டௌன் ஊரையொட்டிய மூன்று 'மார்' ஏரிகள். என் ஓட்டு டௌனுக்கு. ஆனாலும் லாஹரை லேசில் தள்ளிவிட முடியாது.

சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் லாஹர் எரிமலை வெடித்தபோது, அதன் சாம்பல் ஸ்வீடன் வரை போய் விழுந்திருக்கிறது. அடியிலிருந்த மாக்மா (உருகிய பாறைக் குழம்பு) காலியானதும் மேல்தளம் உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான் ஏரி. சுற்றிவர எட்டு கிலோமீட்டர் சொச்சம்; கரையோரமாகவே போனால் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை, முழங்கால் வலிக்காரர்களும் நடக்கலாம். 1093இல் தொடங்கிய மரியா லாஹ் கிறிஸ்தவ மடமும் பக்கத்திலேயே இருக்கிறது, கூட்டமும் அங்கேதான். அதைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போய்க் குனிந்து பாருங்கள். சோடா பாட்டிலைத் திறந்தது போலத் தண்ணீரில் சரம் சரமாகக் குமிழி! கொதிக்கிறதோ என்று பயப்பட வேண்டாம், நிலத்துக்குள்ளிருந்து கசியும் கார்பன் டை ஆக்சைடு அது. இதற்காகவே ஒருமுறை லாஹர் போகலாம்.

மார் பிறந்த விதம் வேறு. மேலேறி வந்த மாக்மா நிலத்தடி நீரைத் தொட, நீராவி வெடித்துத் தரையைக் கிண்ணம் போலத் தோண்டிவிட்டது. டௌனில் அப்படி மூன்று கிண்ணங்கள் (டோட்டன்மார், ஷால்கன்மேரன், கெமுண்டன்) பக்கம் பக்கமாக, ஆனால் வெவ்வேறு உயரத்தில். டோட்டன்மாரின் நீர்மட்டம் ஷால்கன்மேரன் மாரைவிட அறுபது மீட்டருக்கும் மேல் உயரம். நடுவிலுள்ள மேட்டில் நின்றால் ஒரு பக்கம் ஏரி கிட்டத்திலேயே கிடக்கும். திரும்பினால் மற்றது எங்கோ பள்ளத்தில். மாடியில் ஒரு தொட்டி, கீழ்வீட்டில் ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டோட்டன்மார் என்றால் இறந்தவர்களின் மார். அதன் கரையிலிருந்த வைன்ஃபெல்ட் கிராமம் 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயில் காலியானது. மிஞ்சியது வெள்ளைச் சுவர்த் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும்தான். அங்கிருந்து 561 மீட்டர் உயர மொய்ஸபெர்க் குன்றில் மூச்சு வாங்க ஏறினால் ட்ரோங்கே கோபுரம். அப்புறம் மறுபக்கச் சரிவில் கெமுண்டன் மாருக்கு இறங்க வேண்டியதுதான். வேர்கள் குறுக்கிடும் பாதை, நல்ல ஷூ கட்டாயம்.

கோடையில் குளிக்க ஆசையா? கெமுண்டனிலோ ஷால்கன்மேரனிலோ இறங்கலாம். டோட்டன்மாரில் கூடாது, அது இயற்கைக் காப்பகம்.