நோக்கியா 770, என்800: எது மேல்?

லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மேமோ இயங்குதளத்துடன் 2005ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த நோக்கியா 770 என்ற கையடக்க இணையக் கருவி, 4.1 அங்குலத் திரையில் 800×480 புள்ளிகளைக் காட்டியதால், இணையப் பக்கத்தை அதன் முழு அகலத்தில் கையில் வைத்தே படிக்க முடிந்தது. அன்றைய கைப்பேசிகளில் இது அரிதினும் அரிது. ஆனால் 64 எம்.பி. நினைவகம் அதற்குப் போதவில்லை. உலாவியில் சில பக்கங்களைச் சேர்ந்தாற்போல் திறந்தாலே கருவி திணறும்.

2007 ஜனவரியில் வந்த என்800 அதே திரை நுணுக்கத்தை வைத்துக்கொண்டு, நினைவகத்தை இரட்டிப்பாக்கி, வேகமான செயலியையும் இரண்டு எஸ்.டி. கார்டு செருகிகளையும் பக்கவாட்டிலிருந்து வெளியே வந்து சுழலும் கேமராவையும் சேர்த்தது. சிம் கார்டு இரண்டிலுமே இல்லை. வைஃபை கிடைக்காத இடத்தில் புளூடூத் வழியாகக் கைப்பேசியின் இணைப்பைத்தான் நம்ப வேண்டும்.

திரையை மூடிக் காக்கும் 770இன் உலோக உறை மிக அருமையான வடிவமைப்பு. என்800இல் அது இல்லாதது உண்மையிலேயே இழப்புதான். இருந்தும் என் தேர்வு என்800. மொசில்லா உலாவியுடன் வந்த, மேமோவின் பிந்தைய பதிப்பான ஓ.எஸ்.2008 அதற்கு முறையாகக் கிடைத்தது. 770க்கோ ஆர்வலர்களுக்கென வந்த, ஆதரவு உறுதியற்ற ‘ஹேக்கர்’ பதிப்புகளே வாய்த்தன.