சேனல் நீச்சல் லைவ் டிராக்கர்: புள்ளி பாக்கறவனோட ரிவியூ

மேட்ச் எதுவும் இல்லாத நாள்ல ஆபீஸ்ல ஓரமா ஒரு டேப்ல ஓட விட ஏதாவது வேணும்னா இத ட்ரை பண்ணுங்க. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல இருக்கற இங்கிலீஷ் சேனல்ங்கற கடல நீந்தித் தாண்டுறவங்களுக்குத் துணையா ஒரு பைலட் போட் கூடவே போகும்ல, அதுல இருக்கற ஜிபிஎஸ் மேப்ல ஒரு புள்ளியா நகரும், அவ்ளோதான் மொத்த சர்வீஸே. காசு கிடையாது. வீடியோ, கமென்ட்ரி எதுவும் கிடையாது. கேக்க செம மொக்கையா இருக்கும், தெரியும்.

ஆனா சாரா தாமஸ் 2019 செப்டம்பர்ல நீந்துன ரூட்ட ஒருதடவ பாத்துட்டு சொல்லுங்க. அமெரிக்காவுல கொலராடோக்காரங்க, கடலே இல்லாத ஊரு. 2017ல சாம்ப்ளைன் ஏரில 104 மைல் நிக்காம நீந்திட்டு வந்தாங்க, அந்த வருஷக் கடைசிலயே மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சுது, ட்ரீட்மென்ட் முடிஞ்சு ஒரு வருஷந்தான் ஆச்சு, நேரா இங்கிலாந்து போயி கடல்ல இறங்கி போறது வர்றதுன்னு நாலு தடவ தாண்டிட்டாங்க, 54 மணி நேரம் 10 நிமிஷம்! அதுவரைக்கும் நிக்காம மூணு தடவ தாண்டுனவங்களே உலகத்துல நாலு பேருதான், நாலு தடவ யாருமே இல்ல.

இதுல டிராக்கர் எதுக்குன்னா, ஒரு தடவ தாண்ட நேர்கோட்ல 33 கிலோமீட்டர் சொச்சம், அப்ப நாலுக்கு 130 சொச்சம்தான வரணும், அவங்க கோடு 200ஐத் தாண்டிடுச்சு. அங்க நீரோட்டம் கரைய ஒட்டி குறுக்கால ஓடுது, சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திசை மாறுது. நீங்க பிரான்ஸ பாத்து கை போட்டாலும் கடல் உங்கள வடகிழக்கால தள்ளும், அப்புறம் தென்மேற்கால இழுக்கும். மேப்ல பாத்தா ஜிலேபி புழிஞ்ச மாதிரி இருக்கும். லைவா பாக்கறப்ப பிரான்ஸ் கரை கிட்ட வந்ததும்தான் நமக்கு பிபி ஏறும், கரை இதோ இருக்கு, புள்ளி முன்னாடி போகாம சைடுலயே போயிட்டு இருக்கும், அங்கயே பல பேரு விட்டுட்டு போட்ல ஏறிடறாங்க.

நல்லா ஜூம் பண்ணா இன்னொரு விஷயம், அங்கங்க புள்ளிங்க நெருக்கமா விழுந்திருக்கும், அது பெரும்பாலும் சாப்பாட்டு பிரேக். சாராவுக்கு அரை மணிக்கொருதடவ கயிறுல பாட்டில் கட்டிப் போடுவாங்க, மிதந்துக்கிட்டே குடிக்கணும், போட்ட தொட்டா ஆட்டம் க்ளோஸ். கரைக்குப் போனாலும் பத்து நிமிஷத்துல திரும்ப தண்ணில இறங்கிடணும். நடுவுல சாரா மூஞ்சில ஜெல்லி மீன் கொட்டுச்சு, உப்புத் தண்ணில வாய் தொண்டையெல்லாம் ரணம், ஆனா மேப்ல ஒண்ணும் தெரியாது, புள்ளி பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். எனக்கு இதுல இருக்கற ஒரே மனக்குறை இதுதான், ஒரு வரி அப்டேட் போட்டா என்ன கொறஞ்சா போயிடும்?

மத்தபடி சிக்னல் போனா புள்ளி ஒரே எடத்துல உறைஞ்சு நின்னுடும், ஆளுக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பதறாதீங்க. மொபைல்ல ஜூம் கையில நிக்காது, லேப்டாப் பெட்டர். டைம் பிரிட்டிஷ் டைம்ல காட்டும், சம்மர்ல நமக்கு நாலரை மணி நேரம் கூட்டிக்கணும். சீசன் ஜூன் கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். தேடறப்ப நீந்துறவங்க பேர் வரலன்னா போட் பேர போட்டுப் பாருங்க.